தண்ணிக் கம்ப்யூட்டர் மாரீஸ்வரி

திருச்சுழி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் மாரீஸ்வரி முதலில் முகங்களைத்தான் பார்ப்பாள். முன் சீட்டில் கைக்குழந்தையோடு இருக்கும் பெண்ணை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் யாராக இருந்தாலும் அவர் காதோடு சொல்வாள்: "இந்தப் புள்ள கல்யாணத்துல மால மாத்துறப்ப மாப்பிள்ளயோட கண்ணாடி கீழ விழுந்துருச்சு. இவ சிரிப்ப அடக்க மாட்டாம தலையக் குனிஞ்சுக்கிட்டா. எல்லாரும் வெக்கம்னு நெனச்சுட்டாக." அந்தப் பெண்ணுக்கு மாரீஸ்வரியை யாரென்றே தெரியாது. மாரீஸ்வரிக்கோ அவளுடைய தாய்மாமனிலிருந்து சமையல்காரர் வரை அத்தனை பேரையும் தெரியும். யார் எந்தப் பந்தியில் உட்கார்ந்தார்கள், யார் யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்பதும் அத்துப்படி.

பாளையம்பட்டியில் அவள் வீட்டு முன்னறைதான் இதற்கெல்லாம் காரணம். அருப்புக்கோட்டை, திருச்சுழி, அக்கம்பக்கத்து ஊர்களில் இருக்கும் ஏழெட்டு ஸ்டுடியோக்காரர்கள், எடுத்த கல்யாண வீடியோவை டிஸ்க்கில் போட்டு அங்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார்கள். மூன்று நாள் கல்யாணத்தை மூன்று மணி நேரமாக்கிக் கொடுப்பது அவள் பாடு. பதினைந்து வருஷமாக இதுதான் வேலை. இரண்டாயிரம் கல்யாணம் பார்த்திருப்பாள். அதனாலேயே சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குக்கூடப் போகமாட்டாள். கேட்டால், "போனா அங்கயும் வேல பாக்குற மாதிரியே இருக்கு" என்பாள். தப்பித் தவறிப் போன ஒரு கல்யாணத்தில், வெளிச்சத்துக்கு எதிரே நின்றுகொண்டிருந்த கேமராக்காரரைத் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்திவிட்டுத்தான் மொய் எழுதப் போனாள்.

அவள் சேர்ப்பதைவிட வெட்டுவதில்தான் கெட்டிக்காரி. சாப்பிடும் வாயைக் காட்டக்கூடாது, அழும் மூக்கைக் காட்டக்கூடாது என்பது அவள் சட்டம். மேடையேறும்போது வேட்டி நழுவிய சம்பந்தி, மொய் மேசையில் முறைத்துக்கொண்ட அண்ணன் தம்பி, ஆரத்தித் தட்டைத் தொடப் போனபோது யாரோ கையைத் தட்டிவிட, முகம் சுண்டிப்போய் ஒதுங்கி நின்ற அத்தை, எல்லாம் அந்த முன்னறையோடு சரி. அந்த அத்தை வேறெங்கோ சிரித்துக்கொண்டிருந்த ஒரு துண்டைத் தேடி எடுத்து அந்த இடத்தில் ஒட்டிவைப்பாள். வீடியோ பார்க்கிற யாருக்கும் இது தெரியாது. "வெட்டுனது தெரிஞ்சுச்சுன்னா அது எடிட்டிங்கு இல்ல, கத்திரிக்கோலு" என்பாள்.

அவள் அம்மா திருச்சுழிப் பக்கத்துப் புஞ்சைக் காடுகளில் மிளகாய்ப் பழம் பொறுக்கியவர். மாரீஸ்வரி பன்னிரண்டாவது முடித்ததும் டவுனில் ஒரு ஸ்டுடியோவில் ஆல்பம் ஒட்டும் வேலைக்குச் சேர்ந்தாள். முதலாளி கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பதைப் பின்னால் நின்று பார்த்தே கற்றுக்கொண்டாள். யாரும் சொல்லித் தரவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. ஒரு நாள் முதலாளி ஊரில் இல்லாதபோது ஒரு காதுகுத்து வீடியோவை அவளே முடித்து வைத்திருந்தாள். அதற்குப் பிறகு அவளுக்குப் பசை டப்பாவைத் தொட வேண்டிய அவசியம் வரவில்லை.

கணவர் சோலைச்சாமி விசைத்தறி மெக்கானிக். இருபது வருஷம் தறிச் சத்தத்தில் நின்றதால் காது கொஞ்சம் மந்தம், குரல் கொஞ்சம் கனம். வாயைத் திறந்தால் மூன்றாவது வீட்டுக்குக் கேட்கும் என்பதால் அதிகம் திறக்கமாட்டார். வீட்டில் எது கெட்டாலும் பழி அவர்மேல்தான். குழம்பில் உப்புக் குறைந்தால், "கரண்டி போடும்போது அவுக வந்து எட்டிப் பாத்தாக, அதான்" என்பாள். கரண்டு போனாலும் அவர் வாசலில் கால் வைத்த நேரம்தான். அவரும் மறுத்ததில்லை. இப்படியொரு பொறுப்பைத் தன்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள் என்கிற மாதிரி தலையை ஆட்டிக்கொள்வார்.

ஊரில் மாரீஸ்வரியைவிடப் பெரிய பெயர் அவள் கம்ப்யூட்டருக்குத்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால், வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பிய ஒரு மதுரை இன்ஜினியர் விற்றுவிட்டுப் போனது. ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே விரல் மொத்தத்துக்கு வளைந்து வளைந்து போகும் குழாய்கள், உருண்டையாக ஒரு சின்னத் தொட்டி, அதன் அடியில் பம்பு. லாரியில் ரேடியேட்டர் பார்க்கிற அதே வேலைதான். பிராசசர்மேல் ஒரு தாமிரக் கட்டை உட்கார்ந்திருக்கும். அதற்குள் புகுந்து வரும் தண்ணீர் சூட்டை வாங்கிக்கொண்டு போய் ரேடியேட்டரில் ஆறிவிட்டுத் திரும்பி வரும். இதற்கு நடுவில் நீல விளக்கு வேறு. மதுரையிலிருந்து பஸ்ஸில் அதைச் சோலைச்சாமி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். கண்டக்டர் குனிந்து பார்த்து, உள்ளே மீன் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றதும் அவருக்கே கொஞ்சம் ஏமாற்றமாகப் போய்விட்டது. லக்கேஜ் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

குழாயடியில் குடத்தோடு முறை போட்டு நிற்கும் ஊரில், ஒரு வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் தண்ணீர் ஓடுகிறது என்றால் சும்மா இருப்பார்களா? எதிர்வீட்டுத் தங்கம்மாள் அதற்கு ஒரு நாளைக்கு எத்தனை குடம் ஆகும் என்று கேட்டார். உப்புத்தண்ணி ஒத்துக்கொள்ளுமா என்று இன்னொருவர் கேட்டார். கடையில் விற்கும் தனித் தண்ணீர்தான், வருஷத்துக்கு ஒரு முறை ஊற்றினால் போதும் என்று மாரீஸ்வரி விளக்கினாள். யாரும் நம்பவில்லை. கல்யாண வீட்டுக்காரர்களே வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்கிற சாக்கில் வந்து கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுப் போனார்கள். வேலை கெடுகிறதென்று அலுத்துக்கொள்வாளே தவிர, யாராவது செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்வாள், மறைக்காமல் இருக்கட்டும் என்று. தண்ணிக் கம்ப்யூட்டர் அக்கா என்றால் டவுன் பஸ்ஸில் இறங்கி யாரிடம் கேட்டாலும் வழி சொல்வார்கள். அதில் அவளுக்கு இருந்த பெருமையை அவளால் மறைக்க முடிந்ததில்லை.

இந்தக் கூட்டத்தைக் கண்டு பயந்தவர் சோலைச்சாமி ஒருவர்தான். இத்தனை கண் பட்டால் எந்தப் பொருள் தாங்கும்? கம்ப்யூட்டரின் காலில் கறுப்புக் கயிறு கட்டினார். ஃபேனில் சிக்கும் என்று மாரீஸ்வரி அறுத்துப் போட்டாள். எலுமிச்சம்பழம் கட்டினார். எறும்பு வரும் என்று எடுத்துவிட்டாள். அதன்பின் அவர் எதையும் கட்டவில்லை.

இந்த வருஷம் பங்குனி கடைசியில் கோளாறு ஆரம்பித்தது. எடிட்டிங் முடிந்ததும் எல்லாத் துண்டுகளையும் சேர்த்து ஒரே படமாக்கும் வேலைக்கு ரெண்டர் என்று பெயர். கம்ப்யூட்டர் மூச்சு வாங்குவது அப்போதுதான். பாதி ஓடும்போது சூடு ஏறி அதுவாகவே அணைந்துபோனது. மறுபடி போட்டால் மறுபடி அணைந்தது. தொட்டித் தண்ணீரின் நீலம் பச்சையாக மாறியிருந்தது. கண்மாய்த் தண்ணீர் மாதிரி பாசி பிடித்துவிட்டது என்று நினைத்தாள். பிறகு எல்லாம் வெயில் படுத்தும் பாடு என்று நினைத்தாள். ஜன்னலில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டாள். வீட்டில் இருந்த ஒரே மேசை ஃபேனைக் கம்ப்யூட்டருக்குத் திருப்பி வைத்துவிட்டு, புருஷனும் பெண்டாட்டியும் விசிறிமட்டையோடு உட்கார்ந்தார்கள். அக்னி நட்சத்திரம் பிறந்ததும் அதற்கும் மசியவில்லை. சூடு தொண்ணூற்றாறு டிகிரியைத் தொடும், திரை கறுத்துவிடும்.

அவளுக்கு வருகிற வேலையில் பாதி இம்மானுவேல் கொடுப்பது. அருப்புக்கோட்டையில் ஸ்டுடியோ வைத்திருப்பவர், அவள் ஆல்பம் ஒட்டிய நாளிலிருந்தே அவளைத் தெரிந்தவர். அவர் கொடுத்த இரண்டு வீடியோ ஏற்கெனவே தாமதமாகிவிட்டது. இப்போது கையில் இருந்தது திருச்சுழியில் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்யும் ராஜகுரு வீட்டு மணிவிழாவுக்காக முன்கூட்டியே எடுத்த படம். வைகாசி முதல் முகூர்த்தத்தில் விழா நடக்கும்போது மண்டபத்தில் பெரிய திரை கட்டி, ஊரைக் கூட்டி வைத்து ஓட்டப்போகிறார்கள். இம்மானுவேல் நேரில் வந்து, வண்டியைவிட்டு இறங்காமலே சொல்லிவிட்டுப் போனார். "மாரி, இந்தத் தடவ நின்னுச்சுன்னா நான் மதுரைக்குத்தான் குடுக்கணும். என்னயத் தப்பா நெனைக்காத."

தப்பாக நினைக்கவில்லை. பயந்துதான் போனாள். இம்மானுவேல் கையை விட்டால் மற்ற ஸ்டுடியோக்காரர்களும் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்வார்கள். அப்புறம் டவுனில் ஏதாவது கடையில் நாலு பேரோடு ஐந்தாவது ஆளாக உட்கார்ந்து, முதலாளி சொல்கிற இடத்தில் வெட்ட வேண்டும். தன் வீட்டில், தன் நாற்காலியில், தனக்குச் சரியென்று பட்ட இடத்தில் வெட்டிப் பழகிய கைக்கு அது முடியாத காரியம். 

தண்ணீரை எடுத்துவிட்டுக் காற்றுக்கு மாற்றிவிடு என்று இம்மானுவேல் முன்பே ஒரு முறை சொல்லியிருந்தார். பம்பு வேண்டாம், குழாய் வேண்டாம், பிராசசர்மேல் அலுமினியத் தகடும் ஃபேனும் இருந்தால் போதும். மாரீஸ்வரிக்கு மனசு ஒப்பவில்லை. "காத்துல ஓடுற கம்ப்யூட்டரு ஊரெல்லாம் கெடக்கு" என்று தள்ளிப்போட்டாள். இப்போது வேறு வழி இல்லை. ஆர்டர் போட்டாள். கூரியரில் செங்கல் பருமனில் கறுப்பாக ஒன்று வந்து சேர்ந்தது. அதில் ஒரு பொட்டு வெளிச்சம்கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாது. சோலைச்சாமி டார்ச் பிடிக்க, மாரீஸ்வரி செல்போனில் பார்த்துப் பார்த்துக் கழற்ற ஆரம்பித்தாள். குழாயை உருவிப் பக்கெட்டில் விட்டதும் பச்சைத் தண்ணீர் சளசளவென்று இறங்கியது. அவர் பழக்க தோஷத்தில் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு கொல்லைக் கறிவேப்பிலைக்குப் போனார். அதில் மருந்து கலந்திருக்கிறது, செடி செத்துப்போகும் என்று அவள் ஓடிப்போய் மறித்தாள். சாக்கடையில் ஊற்றிவிட்டு, ஊற்றிய இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு பக்கெட் தண்ணீரை யாருக்கும் பிரயோஜனமில்லாமல் கொட்டுவது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குக் கை வராத காரியம்.

தாமிரக் கட்டையைத் திருப்பி நாலு திருகாணியைக் கழற்றினாள். உள்ளே ஈர்க்கொல்லிச் சீப்பைவிட நெருக்கமான பற்கள். அந்தப் பற்களின் இடுக்கு முழுக்க மஞ்சளாகச் சேறு அடைத்திருந்தது. விரலால் வழித்து முகர்ந்து பார்த்தாள். சமையலறையில் கைபழகிய எவருக்கும் அந்த வாசனையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஊசியால் கிளறியபோது, ஓரம் ரம்பமாக இருந்த ஒரு பச்சைத் துணுக்கு வந்தது. வேப்பிலை.

டார்ச் வெளிச்சம் மெல்ல விலகிச் சுவருக்குப் போய்விட்டது.

"என்னங்க இது?"

"களரில குடுத்த தண்ணி" என்றார் சோலைச்சாமி. மாசிச் சிவராத்திரிக்குக் குலதெய்வக் கோயிலுக்குப் போனபோது பூசாரி பாட்டிலில் பிடித்துக் கொடுத்த மஞ்சள் தீர்த்தம். "ஒரு மூடிதான் ஊத்துனேன்."

"ஒரு மூடிக்கு இம்புட்டு மஞ்சளா?"

"மூணு மூடி." கொஞ்சம் நிறுத்தி, "துன்னூறு கொஞ்சம்" என்றார். பிறகு அவர் சொன்னதுதான் அந்த வருஷத்தில் அவர் பேசிய நீளமான பேச்சு. "வாரவுக போறவுக கண்ணு அம்புட்டும் இதும்மேலதான். வெளிய கட்டுனா அத்துர்ற. உள்ள ஊத்துனா ஒனக்குத் தெரியாதுல்ல. ராப்பகலா இதுகிட்டயே உக்காந்துருக்க. ஒனக்கு ஒண்ணும் ஆயிறக் கூடாதுன்னுதான்."

மாரீஸ்வரி திட்டினாள். பத்து நிமிஷம் நிறுத்தாமல் திட்டினாள். மடியில் வைத்து அத்தனை பத்திரமாகக் கொண்டுவந்த மனுஷன் இப்படிப் பண்ணலாமா என்பதில் ஆரம்பித்து, கல்யாணமான புதிதில் மிக்சியைத் தறி எண்ணெய் விட்டுக் கெடுத்தது வரைக்கும் போய் வந்தாள். அவர் டார்ச்சை அணைக்காமல் நின்றார். கோயில் தண்ணீர்தானே, கெடுதல் செய்யுமா என்று முணுமுணுத்தார்.

"சாமிக்கு எடிட்டிங்கு தெரியாதுங்க" என்றாள். சொன்னதும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல், கையில் தாமிரக் கட்டையோடு தரையில் உட்கார்ந்து சிரித்தாள். தனக்கும் சிரிக்க அனுமதி உண்டா என்று தெரியாமல் அவர் நின்றுகொண்டிருந்தார்.

கட்டையைக் கழுவித் திரும்ப மாட்டியிருக்கலாம். ஆனால் பம்பு ஏற்கெனவே முனகிக்கொண்டிருந்தது, குழாயெல்லாம் மஞ்சள் படிந்துவிட்டது, புதன்கிழமை படம் இம்மானுவேல் கைக்குப் போக வேண்டும். இன்னொன்றையும் யோசித்தாள். தொட்டி என்று ஒன்று இருக்கும்வரை, இந்த ஊரில் யாராவது ஒருவர் நல்லெண்ணத்தோடு அதில் எதையாவது ஊற்றத்தான் செய்வார்கள். காற்றே போதும் என்று முடிவு செய்தாள்.

பிராசசர்மேல் சூட்டைக் கடத்தும் பசையைத் தடவி, அலுமினியக் கட்டையை வைத்து, ஒரு மூலையில் திருகாணியை முறுக்க ஆரம்பித்தாள். சோலைச்சாமி முதல் முறையாகக் கையை நீட்டித் தடுத்தார். "நில்லு. ஒரு மூலைய முழுசா முறுக்குனா எதிர்ப்பக்கம் தூக்கிரும். எதிரெதிரா போ, அரைச் சுத்து அரைச் சுத்தா." தறியில் பேரிங் மூடியை அப்படித்தான் போடுவார்கள். அவள் திருப்புளியை அவரிடம் கொடுத்துவிட்டு டார்ச்சை வாங்கிக்கொண்டாள். நாலு திருகாணியும் ஒரே சீராக இறங்கின.

அப்புறம் கண்ணாடிக் கதவு மூடவில்லை. புதுக் கட்டை ஒரு விரல் உயரம் அதிகம். அவள் அளந்துதான் வாங்கினாள், டெய்லர் டேப்பால். திறந்தே போடவும் முடியாது. தறி ஊரில் காற்றில் பாதி பஞ்சு. ஒரு மாதத்தில் ஃபேன் இறக்கை நரைத்துப்போய்விடும். அவள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்க, சோலைச்சாமி சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கேயோ போனார். ஜன்னலுக்குக் கொசுவலை அடிக்கும் அலுமினியச் சட்டத்தில் கண்ணாடி அளவுக்கு ஒன்று செய்து, நைலான் வலையை இழுத்துக் கட்டி, புதுக் கட்டைக்கு இடம் விட்டுப் புடைத்த மாதிரி வளைத்துக்கொண்டு வந்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. தறிக்கூடத்தில் மோட்டாரில் படிந்த பஞ்சை ஊதுவதுபோல வாராவாரம் தானே ஊதிவிடுவதாகச் சொன்னார். கம்ப்யூட்டரைப் போட்டாள். ஃபேன் விர்ரென்று கிளம்பியது. இத்தனை சத்தத்தில் எப்படி வேலை பார்ப்பது என்று அவள் முகத்தைச் சுளித்தபோது, அவர் காதைக் கிட்டத்தில் கொண்டுபோய், "ஓடுதா?" என்று கேட்டார்.

செவ்வாய்க்கிழமை உச்சி வெயிலில் ரெண்டர் போட்டாள். வேண்டுமென்றேதான் அந்த நேரம். தாங்கினால் இதில் தாங்கட்டும், நின்றால் இன்றைக்கே தெரியட்டும். படம் நூற்றுக்கு அறுபது வரை வந்தது. வழக்கமாக நிற்கும் அறுபத்திரண்டு வந்தபோது நாற்காலியைத் திரைக்குக் கிட்டத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். சூடு எழுபத்துநாலு டிகிரியைத் தாண்டவில்லை. படம் எழுபது, எண்பது என்று ஏறியது. சோற்றுத் தட்டு பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்தது. நூறு வந்ததும் எழுந்து போய் முகம் கழுவினாள். கழுவிய பிறகும் கண் சிவந்துதான் இருந்தது.

புதன்கிழமை சாயங்காலம் இம்மானுவேல் வந்தார். படத்தை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தார். ராஜகுரு தன் மனைவிக்குக் கனகாம்பரம் வைத்துவிடும்போது கை நடுங்கும் இடத்தில், மாரீஸ்வரி பாட்டை நிறுத்திவிட்டு வளையல் சத்தத்தை மட்டும் விட்டிருந்தாள். அதை இரண்டு தடவை பார்த்தார். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டார். அப்புறம் வலை போட்ட கம்ப்யூட்டரைப் பார்த்தார், நீல வெளிச்சம் எங்கே என்று கேட்டார். பேச்சுவாக்கில் அவர் கண் அலமாரிக்குப் போனது. அங்கே ஒரு தட்டில், மஞ்சள் அப்பிய தாமிரக் கட்டையும் வேப்பிலைத் துணுக்கும் இருந்தன.

எடுத்து முகர்ந்தார். முகம் மாறிவிட்டது. "இது மஞ்சத்தண்ணில்ல? யாரு பாத்த வேல இது? இதுக்குத்தான் ஒரு மாசமா என்னய அலையவிட்டியா? கண்டவுக கைவைக்கிற எடத்துல நான் எப்புடி டிஸ்க்கக் குடுத்துட்டுப் போக?"

அவர் பை தோளிலேயே இருந்தது. சித்திரைக் கல்யாண வீடியோவெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது என்பது மாரீஸ்வரிக்குத் தெரியும். டீ டம்ளர்களோடு உள்ளே வந்த சோலைச்சாமி நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். பதினைந்து வருஷத்தில் அவள் வேலையில் ஒரு தப்பு என்று யாரும் விரல் நீட்டியதில்லை.

"நாந்தாண்ணே ஊத்துனேன்" என்றாள். "சாமி தண்ணி, நல்லதுன்னு நெனச்சு ஊத்திட்டேன். ஏம் புத்திதான்."

இம்மானுவேல் அவளை ஏற இறங்கப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். நீயுமா தாயி, நீயுமா என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே பையைத் தோளிலிருந்து இறக்கி, மூன்று டிஸ்க்கை எடுத்து மேசைமேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்.

சோலைச்சாமி டம்ளர்களை வைத்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு மூன்றாவது வீட்டுக்குக் கேட்கும் குரலில், "தம்பி, அது வந்து..." என்று ஆரம்பித்தார்.

மேசைக்கு அடியில் மாரீஸ்வரியின் கால் அவர் காலை நன்றாக மிதித்தது. "டீக்குச் சீனி போதுமாண்ணே?" என்று கேட்டாள்.